கேம் மாஸ்டரின் கையிருப்பு

1977இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்ற கெட்டி அட்டைப் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் கேரி கைகாக்ஸ். 112 பக்கங்களுக்குள் 350க்கும் மேற்பட்ட மான்ஸ்டர்கள் அகர வரிசையில் அணிவகுத்து நின்றன. டிராகனும் பேயும் பூதமும் மட்டுமில்லை, ராட்சத எறும்பும் எருமையும்கூட அதில் இருந்தன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2025இல் வந்த அதன் புதிய பதிப்பில் எண்ணிக்கை 500ஐத் தாண்டிவிட்டது. புத்தகம் பெருகப் பெருக, அதைக் கையில் எடுக்கும் புதிய கேம் மாஸ்டரின் திகைப்பும் பெருகுகிறது. அடுத்த வாரம் நண்பர்கள் நான்கு பேர் வந்து உட்காரப்போகிறார்கள். இந்த ஐநூறில் எதை எடுப்பது?

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற இந்த ஆட்டத்தை 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டார்கள். மூன்று சிறு கையேடுகள் கொண்ட பெட்டி அது; முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகள். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாக இருந்து வீரராகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ பேசி முடிவெடுப்பார். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதில் வாழும் மற்ற எல்லோரையும் அவர்தான் நடத்துவார். எதிரே வருவது என்ன என்று சொல்வார், “என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்பார். முடிவு தெரியாத இடங்களில் பகடை உருளும்.

அந்தக் கேள்விதான் ஆட்டத்தின் உயிர். ஒரு மான்ஸ்டர் அவசியமா இல்லையா என்பதை அதன் பலத்தையோ புகழையோ வைத்து அளக்க முடியாது என்பது என் வாதம். அது வந்து நின்றதும் மேசையில் எந்த வகையான முடிவு தேவைப்படுகிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும். ஒரே கேள்வியை எழுப்பும் இருபது மான்ஸ்டர்கள் இருந்தால் உண்மையில் ஒன்றுதான் இருக்கிறது என்று பொருள். வேறுவேறு கேள்விகளை எழுப்பும் பத்துப் பன்னிரண்டு இருந்தால் ஓராண்டு ஆட்டத்துக்கும் போதும்.

இந்த அளவுகோல் நான் புதிதாகச் செய்ததல்ல. தொடக்க கால மான்ஸ்டர்கள் பிறந்த விதத்திலேயே அது இருக்கிறது. அந்நாளில் அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் பைகளில் விற்றன. வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள் என்று பெயர். ஆனால் எந்தக் காலத்திலும் எந்த விலங்கும் அப்படி இருந்திருக்காது. கைகாக்ஸ் அவற்றை வாங்கி வந்து ஆட்ட மேசையில் வைத்தார். வாலின் நுனியில் விசிறி போன்ற ஒன்றைக் கொண்ட ஒரு பொம்மை, துரு மான்ஸ்டர் ஆயிற்று. 1977 புத்தகத்தின்படி அதன் தாக்குதலால் உடலில் காயம் ஏற்படாது. உணர்கொம்பால் தொடும், தொட்ட இரும்பு துருப்பிடித்து உதிரும், உதிர்ந்ததை அது தின்னும். அவ்வளவுதான்.

ஆனால் மேசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இதுவரை முன்னால் நின்றவர் முழு இரும்புக் கவசம் பூண்ட வீரர். இப்போது அவர்தான் முதலில் ஓட வேண்டும். துணி அங்கி அணிந்து எப்போதும் பின்னால் ஒதுங்கும் மந்திரவாதி தைரியமாக முன்னே வரலாம். சேர்த்துவைத்த வாளைக் காப்பாற்றக் கட்டையால் அடிப்பதா? பையிலிருக்கும் இரும்பு ஆணிகளை வீசி, அது அவற்றைத் தின்ன நிற்கும் நேரத்தில் தப்புவதா? யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லாத ஓர் எதிரி, குழுவின் வரிசையையே புரட்டிப்போடுகிறது. பலம் இல்லாமலே அவசியமாகிவிட்ட மான்ஸ்டருக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஜெலாட்டின் கனசதுரமும் அப்படிப்பட்டதுதான். ஆட்டக்காரர்கள் கட்டத்தாளில் நிலவறை வரைந்தபோது தாழ்வாரங்கள் பெரும்பாலும் பத்தடி அகலம் இருந்தன. அந்தத் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு நகரும், கண்ணுக்கு எளிதில் தெரியாத, பத்தடிக்குப் பத்தடி கூழ் அது. எந்த நாட்டுப் பழங்கதையிலும் அதற்கு இடமில்லை. வரைபடத்திலிருந்தே பிறந்த உயிரி. “இந்தத் தாழ்வாரம் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது?” என்று ஓர் ஆட்டக்காரரைச் சந்தேகப்பட வைத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது.

இலக்கியத்திலிருந்து வந்தவையும் உண்டு. அடிபட்ட இடம் தானே கூடிக்கொள்ளும் டிரோல், ஸ்காண்டிநேவியக் கதைகளிலிருந்து நேராக வந்ததல்ல. பௌல் ஆண்டர்சனின் 1961ஆம் ஆண்டு நாவலான ‘த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்’ வழியாக வந்தது. இருக்குமிடத்தைத் தள்ளிக் காட்டி ஏமாற்றும் டிஸ்பிளேசர் பீஸ்டின் உடல்வாகு, ஏ. இ. வான் வோட் 1939இல் எழுதிய ஓர் அறிவியல் புனைகதையின் விண்வெளி வேட்டைவிலங்கை நினைவூட்டுவது. எங்கிருந்து எடுத்தாலும் கைகாக்ஸின் கண் ஒன்றையே தேடியது: இது வந்தால் ஆட்டக்காரர் வழக்கமாகச் செய்வது பலிக்காமல் போகுமா?

டிரோலிடம் சற்று நிற்க வேண்டும். வெட்டினால் வளரும், தீயோ அமிலமோ பட்டால்தான் மாளும். கேட்கச் சுலபமான விதி. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த விதியாகிவிட்டதால், அனுபவமுள்ள ஆட்டக்காரர் டிரோலைப் பார்த்ததும் தீப்பந்தத்தை எடுத்துவிடுகிறார். கேள்வி செத்துவிட்டது. இதற்குச் சிலர் மருந்தாக விதியை ரகசியமாக மாற்றுகிறார்கள்: தீக்குப் பதில் உப்பு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டக்காரர் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதைப் பயனற்றதாக்குவது அவரைத் தண்டிப்பதாகும். இடத்தை மாற்றுவதே சரியான வழி. கொட்டும் மழையில் ஒரு பாலத்தடியில் டிரோல் நிற்கட்டும். அல்லது வைக்கோல் நிறைந்த களத்தில், ஊராரின் ஆண்டு விளைச்சலுக்கு நடுவே நிற்கட்டும். தீதான் விடை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீயை இங்கே கொளுத்தலாமா என்பது அன்றைய கேள்வி. பழைய மான்ஸ்டர் மறுபடி உயிர்பெற்றுவிடும், அதுவும் ஒரு விதியைக்கூடத் தொடாமல்.

இடத்தின் வலிமைக்கு ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்லும் பெயர் ‘டக்கரின் கோபால்டுகள்’. 1987 நவம்பரில் ‘டிராகன்’ இதழின் ஆசிரியர் ரோஜர் மூர் எழுதிய தலையங்கத்திலிருந்து வந்தது. கோபால்டு என்பது விதிப்புத்தகத்தில் கடைநிலை உயிரி. 1 முதல் 4 புள்ளி வரைதான் அதன் உயிர், ஓர் அடிக்குத் தாங்காது. ஆனால் டக்கர் என்ற கேம் மாஸ்டர் நடத்தியதாக மூர் விவரித்த நிலவறையில் கோபால்டுகள் வழிகளை மறித்து நெருப்பு வைத்தன. சுவர்த் துளைகளிலிருந்து அம்பெய்தன. மனிதர் நுழைய முடியாத குறுகிய சுரங்கங்களில் ஓடி மறைந்தன. பல சாகசங்களில் தேறிய கதாபாத்திரங்கள், இவற்றிடம் சிக்குவதைவிட அடியாழத்திலுள்ள பெரும் பூதங்களே மேல் என்று எண்ணும் நிலைக்கு வந்தார்கள். ஒரு புதிய கேம் மாஸ்டருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கையிருப்பில் முதலில் வைக்க வேண்டியது கோபால்டையோ கோப்ளினையோதான். சிறியது, கூட்டமாக வருவது, யோசிக்கத் தெரிந்தது, உயிருக்குப் பயப்படுவது. இந்த நான்கும் சேர்ந்த உயிரி எந்தச் சூழலிலும் புதிய சிக்கல் தரும்.

தேர்வு என்பது தனித்தனி மான்ஸ்டர்களைப் பொறுக்கி எடுப்பதோடு முடிவதில்லை. அவற்றுக்குள் என்ன உறவு என்பதையும் சேர்த்தே தேர்வு செய்ய வேண்டும். இதைக் கற்க இன்றும் நான் காட்டுவது கைகாக்ஸ் எழுதி 1979இல் வெளியான ‘த கீப் ஆன் த பார்டர்லாண்ட்ஸ்’ என்ற சாகசக் கையேடு. புதியவர்களுக்கான பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்டதால் ஒரு தலைமுறை முழுவதும் அதில்தான் ஆடக் கற்றது. ஓர் எல்லைக் கோட்டை; சற்றுத் தொலைவில் ஒரு பள்ளத்தாக்கு; அதன் சரிவுகளில் குகைவாய்கள். கோபால்டு, கோப்ளின், ஹாப்கோப்ளின், இரண்டு ஓர்க் கூட்டங்கள், நோல், பக்பேர் என்று பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்புகள். மேலோட்டமாகப் பார்த்தால் குகைக்குக் குகை நுழைந்து வெட்டிக்கொண்டே போகும் ஆட்டம். அப்படித்தான் பலரும் ஆடினார்கள், அப்படித்தான் பலரும் செத்தார்கள்.

கவனித்துப் படித்தால் வேறொன்று தெரியும். கோப்ளின் குகையைத் தாக்கினால் காவலர்கள் கத்திக்கொண்டு ஒரு ரகசியக் கதவு வழியாக ஓடி, பக்கத்துக் குகையில் இருக்கும் ஓக்ர் என்ற தடியனிடம் 250 பொற்காசு கொண்ட மூட்டையை வீசுவார்கள். அவன் வந்து அவர்களுக்காகச் சண்டை போடுவான். கூலி இல்லாமல் வரமாட்டான். சில சமயம் ஓர்க்குகளும் நோல்களும்கூட அவனை விலைக்கு வாங்கியதுண்டு. இந்த ஒரு சிறு ஏற்பாட்டில் ஓக்ர் வெறும் தடித்த உடலாக இல்லாமல் பள்ளத்தாக்கின் அரசியலில் ஒரு புள்ளியாகிவிடுகிறான். கோப்ளினுக்குக் காசு கொடுக்க முடியுமென்றால் நமக்கும் முடியுமே என்று ஓர் ஆட்டக்காரருக்குத் தோன்றும் கணத்தில் ஆட்டமே வேறாகிறது. குகைக் கூட்டங்களுக்கு இடையே உள்ள பகையைக் கண்டுபிடித்து ஒருவரோடொருவரை மோதவிடலாம் என்று கையேடே கேம் மாஸ்டருக்குச் சொல்கிறது. தாக்கிவிட்டுத் திரும்பிப் போனால் குகைவாசிகள் அனுபவத்தால் கற்று, அடுத்த முறை தயாராக இருப்பார்கள் என்றும் சொல்கிறது. கோட்டைக்குள்ளேயே சிரித்துப் பேசும் ஒரு பூசாரி இருக்கிறார். குழுவோடு சேர்ந்து வரச் சம்மதிப்பார். தக்க நேரத்தில் காட்டிக்கொடுப்பார். புத்தகத்தின் ஆபத்தான உயிரிகளில் ஒருவர் அவர், மனிதர்.

மனிதர் என்று நான் சும்மா சொல்லவில்லை. 1974 பெட்டியின் இரண்டாம் கையேட்டில் மான்ஸ்டர் விவரங்கள் தொடங்குவதே மனிதர்களிலிருந்துதான்: கொள்ளைக்காரர்கள், வெறியர்கள், நாடோடிகள், கடற்கொள்ளையர். கையிருப்பில் டிராகன் இல்லாமல்கூட ஓராண்டு ஓட்டிவிடலாம். வழிப்பறிக்காரரும் துரோகியும் இல்லாமல் ஒரு மாதம் ஓட்ட முடியாது. பேசத் தெரிந்த எதிரி, பேரம் பேசத் தெரிந்த எதிரி, சரணடையத் தெரிந்த எதிரி. மூன்றும் ஒருவரிடமே கிடைக்கின்றன.

பேச்சைப் பற்றிச் சொல்லும்போது, இன்று பலர் மறந்துவிட்ட ஒரு சிறு அட்டவணையை நினைவுபடுத்த வேண்டும். 1981இல் டாம் மோல்ட்வே திருத்திய அடிப்படை விதிநூல், எதிர்ப்படும் மான்ஸ்டர் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெளிவாக இல்லாவிட்டால் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டச் சொல்கிறது. கூட்டுத்தொகை 2 வந்தால் உடனே தாக்கும். 3 முதல் 5 வரை பகைமை. 6 முதல் 8 வரை குழப்பம், தயக்கம். 9 முதல் 11 வரை தாக்காது. 12 வந்தால் நட்பே கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உடனடித் தாக்குதலுக்கான வாய்ப்பு 36இல் ஒன்று மட்டுமே. தயங்கி நிற்கும் வாய்ப்பு 36இல் 16. அதாவது அந்த விதிகளின் உலகில் ஏறக்குறையப் பாதிச் சந்திப்புகள், இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதில் தொடங்குகின்றன.

அதே நூலில் மனவுறுதி என்றொரு எண்ணும் ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் உண்டு. தன் தரப்பில் முதல் சாவு விழுந்ததும், பிறகு பாதிப் பேர் வீழ்ந்ததும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். அந்த எண்ணைத் தாண்டினால் பின்வாங்கும் அல்லது ஓடும். கோப்ளினுக்கு 7. ஒவ்வொரு சோதனையிலும் 36இல் 15 முறை தோற்றுப்போகும். எலும்புக்கூட்டுக்கு 12, அது ஒருபோதும் ஓடாது. அதன் தொடர்ச்சியாக வந்த விதிநூலில் டிரோலுக்கு 10, ஆனால் தீயை எதிர்கொண்டால் 8. இந்த மூன்று எண்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே எலும்புக்கூடு ஏன் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது விளங்கும். அதனிடம் பேச முடியாது, பயமுறுத்த முடியாது, காசு கொடுக்க முடியாது. கோப்ளினோடு பேரம் பேசிப் பழகிய குழு எலும்புக்கூட்டின் முன் வந்து நிற்கும்போது, எல்லா வாசலும் அடைபட்டதை உணர்கிறது. கோப்ளின் இல்லாத ஆட்டத்தில் எலும்புக்கூடு வெறும் எலும்புதான்.

அந்தக் காலத்தில் சண்டையைத் தவிர்ப்பதற்கு இன்னொரு விதியும் துணை நின்றது. கதாபாத்திரம் வளர்வதற்கான அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதி மீட்டு வந்த பொன்னிலிருந்து வந்தது. கொன்றதற்குக் கிடைத்தது சொற்பம். எனவே மான்ஸ்டரைச் சுற்றிப்போவதும் ஏமாற்றுவதும் புத்திசாலித்தனம். பின்வந்த பதிப்புகளில் புள்ளியின் எடை சண்டையின் பக்கம் சாய்ந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்போடு ‘சேலஞ்ச் ரேட்டிங்’ என்ற சவால் எண்ணும் வந்தது. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு எது ஈடு என்பதை மதிப்பிட அது உதவும், புதியவருக்கு நல்ல கைப்பிடி. ஆனால் துரு மான்ஸ்டர் எழுப்பும் கேள்வி எந்த எண்ணிலும் தெரியாது. எதிரி எத்தனை பேர் என்பதும் எண்ணை விடப் பெரிய விஷயம்: ஒற்றை மான்ஸ்டர் ஒரு சுற்றில் ஒருமுறை செயல்படும், எதிரே நான்கு பேர் நான்கு முறை செயல்படுவார்கள். ஐந்தாம் பதிப்பில் பெரிய மான்ஸ்டர்களுக்குப் பிறர் முறை முடிந்ததும் இடையில் செயல்படும் சலுகை தந்தது இதனால்தான்.

ஏமாற்றும் மான்ஸ்டர் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். பெட்டியாக வேடமிடும் மிமிக் ஒருமுறைதான் வேலை செய்யும். அதற்குப் பிறகு குழு எல்லாப் பெட்டிகளையும் கோலால் குத்திப் பார்த்து நேரத்தை வீணடிக்கும். ஆளாக வேடமிடுபவையே நீடிக்கும். இந்த வகையில் இந்தியாவிலிருந்து ஒன்று போயிருக்கிறது: ராட்சசன். ஆனால் வால்மீகி வழியாகப் போகவில்லை. 1974 டிசம்பரில் ஒளிபரப்பான ‘கோல்சாக்: த நைட் ஸ்டாக்கர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தில், எதிரில் இருப்பவர் மிகவும் நம்பும் ஆளின் உருவில் வந்து கொல்லும் ராட்சசன் ஒருவன் வந்தான். அவனைச் சாய்த்தது மந்திரித்த குறுக்குவில் அம்பு. அடுத்த ஆண்டே அவன் ஆட்டத்துக்குள் வந்தான், அம்போடு சேர்த்து. 1977 புத்தகத்தில் டேவிட் டிராம்பியர் வரைந்த படத்தில், புலித்தலையோடு குழாய் புகைத்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான். கம்பனின் அரக்கர்களைத் தெரிந்த நமக்கு இது மெலிந்த உருவமாகத் தோன்றும். கும்பகருணனின் கடப்பாடும் வீடணனின் தத்தளிப்பும் அங்கே இல்லை. ஆயினும் நம்பிக்கைக்குரிய முகத்தை அணிந்துகொண்டு வருபவன் என்ற ஒரு கருவை அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தமிழ் மேசையில் ராட்சசனை நிறுத்தும் கேம் மாஸ்டருக்கு அந்தக் கருவும் இருக்கிறது, கடப்பாட்டால் கட்டுண்டு தவறான பக்கம் நிற்கும் கும்பகருணனும் இருக்கிறான். இரண்டையும் ஒருவனுக்குள் வைத்தால், அவனைக் கொல்வதா கூடாதா என்று மேசை பிளவுபடும்.

கொல்வதா கூடாதா என்ற கேள்வியை இந்த ஆட்டம் நெடுங்காலம் தள்ளிப்போட்டே வந்தது. அதே எல்லைக் கோட்டைக் கையேட்டில் குகைகளில் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். கோபால்டு குஞ்சுகள் சண்டையிடாது என்று குறிப்பும் இருக்கிறது. அவர்களை என்ன செய்வது என்பதற்கு விடை இல்லை. ஒரு முழு இனமே பிறப்பால் தீயது என்று எழுதுவதில் உள்ள கோளாறு பற்றி ஆட்டக்காரர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. 2020 ஜூனில் வெளியீட்டு நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், ஓர்க்குகளையும் டிரௌ என்ற இருள் எல்ஃப்களையும் சித்திரிக்கும் விதத்தை மாற்றுவதாக வெளிப்படையாக அறிவித்தது. சிலர் இதை வெளியிலிருந்து வந்த தலையீடாகக் கண்டார்கள். எனக்கு அது ஆட்டத்தின் சொந்தத் தேவையாகவே படுகிறது. பிறவித் தீயவனிடம் முடிவெடுக்க ஒன்றுமில்லை. வெட்ட வேண்டும், அவ்வளவுதான். எதற்காக இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறான், எதற்குப் பயப்படுகிறான், யாருக்குக் கடன்பட்டிருக்கிறான் என்று மூன்று விடை எழுதிவைத்த ஓர்க்கிடம் முடிவெடுக்க நிறைய இருக்கிறது. புதிய கேம் மாஸ்டர் எந்த மான்ஸ்டரைத் தேர்ந்தாலும் அந்த மூன்றையும் எழுதிவைக்கட்டும். எழுத வரவில்லை என்றால் அந்த மான்ஸ்டரை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள்.

என் பட்டியலைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: வழிப்பறி மனிதர், கோப்ளின், எலும்புக்கூடு, ஓநாய்க் கூட்டம், கூலிக்கு வரும் ஓக்ர், டிரோல், துரு மான்ஸ்டர், கூழ் வகையில் ஒன்று, வேடதாரி ஒருவர், தொட்டால் பல நாள் உழைப்பையே உறிஞ்சிக்கொள்ளும் வைட் போன்ற ஒரு பிணம். ஓநாயை ஏன் சேர்த்தேன் என்றால், அதற்குத் தேவை இரை மட்டுமே. இறைச்சித் துண்டு வீசினால் போய்விடக்கூடிய எதிரி இருப்பது குழுவுக்குப் பையைத் திறந்து பார்க்கும் பழக்கத்தைத் தரும்.

கடைசியாக, டிராகன். பெயரிலேயே இருப்பதால் அதைத் தவிர்க்க முடியாது. பெரும்பாலான கேம் மாஸ்டர்கள் அதை வீணடிப்பதும் உண்மை. உயிர்ப்புள்ளிகளின் பெரிய மூட்டையாகக் கொண்டுவந்து கடைசி அறையில் போடுகிறார்கள். மோல்ட்வேயின் நூல் காட்டும் டிராகன் வேறு. வெள்ளை டிராகன் 50 விழுக்காடு வாய்ப்பில் தூங்கிக்கொண்டிருக்கும், பேசத் தெரிந்திருக்கும் வாய்ப்பு 10 விழுக்காடுதான். செந்நிற டிராகன் தூங்கும் வாய்ப்பு 10 மட்டுமே; ஆனால் பேசும் வாய்ப்பு 50. வெள்ளையின் குகை என்றால் திருடும் திட்டம் போடலாம். செந்நிறத்தின் குகை என்றால் புகழ்ந்து பேச ஓர் ஆள் தேவைப்படும். அதன் மூச்சு செய்யும் சேதம் அந்த நேரத்தில் அதற்கு மிஞ்சியிருக்கும் உயிர்ப்புள்ளிகளுக்குச் சமம். முதல் மூச்சுதான் கொடியது. காயப்படுத்தக் காயப்படுத்தத் தீ தணியும். ஆகவே முதல் மூச்சை யார் வாங்குவது, யார் எங்கே நிற்பது, நிற்கத்தான் வேண்டுமா என்று குழு முன்கூட்டியே கூடிப் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சு நடக்கக் கால அவகாசம் கொடுங்கள். எரிந்த மரங்களையும் ஆளில்லாத ஆட்டுக் கிடையையும் இரண்டு வாரம் முன்பே காட்டிவிடுங்கள். டிராகன் எந்த நிறம் என்பதை அவர்களே விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும்.